பப்பாளி நின்ற தோட்டம்

ஒரு வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான் என்பதைச் சுரைக்கொடிக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அது ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துத்தான் காய்க்கிறது. கால்வாசிக் காயைக் கூட்டு வைத்து மத்தியானமும் தின்று, ராத்திரியும் தின்று, மறுநாள் காலையில் பார்த்தால் மிச்சமிருக்கும் முக்கால் காய் அடுப்படி மேடையில் உட்கார்ந்துகொண்டு, ‘இன்னும் யாரும் வரவில்லையா?’ என்று கேட்பதுபோல் இருக்கும். தனி ஆளுக்கு ஏற்ற பயிர் அரைக்கீரைதான். ஆனால் நான் தோட்டம் போட்டது எனக்காக அல்ல. அதனால்தான் சுரையும் வைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், திருக்கோகர்ணத்தில் ஒரு வாடகை வீட்டில் நான் தனியாக இருந்த காலம் அது. மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளை அன்னவாசல் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். எனக்குப் புதுக்கோட்டையில் கோர்ட்டு நகல் எடுக்கும் உத்தியோகம். பிறத்தியார் நிலத்தின் நான்கெல்லையை எழுதி எழுதி விரல் காய்த்துப் போனவன் நான். ‘மேற்படி கிணற்றுக்கு வடக்கு, மேற்படி வேலிக்குத் தெற்கு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அந்த எல்லைக்குள் என்ன விளைகிறது, எப்படி விளைகிறது என்று மட்டும் எந்த வழக்கிலும் யாரும் சொன்னதில்லை.

பொங்கல் சீர் கொண்டுபோன அன்றுதான் பேச்சு வந்தது. மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். சம்பந்தி வீட்டில் சம்பந்தி உண்டு. பேச்சு மட்டும் சம்பந்தியம்மாளுடையது. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் வாங்கி வைத்துவிட்டு, எனக்கு இலை போட்டு, நான் பாயசத்துக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். அது வழக்கம், நான் இல்லேங்கல. ஒம்பதாம் மாசம் கட்டுச்சோறு கட்டியாந்து நீங்க கூட்டிட்டுப் போகணும்.”

“கட்டாயம் கூட்டிட்டுப் போறேன், சம்பந்தியம்மா.”

“ஆனா அண்ணே, தாய் வீடுன்னா தாய் இருக்கணும்ல? அங்க யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

சம்பந்தி தலையை அசைத்தார். எந்தப் பக்கம் அசைத்தார் என்று தெரியாதபடி அசைப்பது அவருக்குக் கைவந்த கலை. கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். வளையல் சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. சம்பந்தியம்மாள் பொல்லாதவர் அல்ல. பொல்லாதவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதுதான் தொந்தரவு.

“சித்திரையில கோயிலுக்குத் திருக்கோகர்ணம் வருவேன். அப்ப ஒங்க வீட்டையும் ஒரு எட்டு வந்து பாக்குறேன். பிள்ளத்தாச்சிய விடுறாப்புல இருந்தா விடுறேன். என்ன அண்ணே?”

சரி என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் வீட்டை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு கூஜா, அடுக்கி வைத்த புத்தகங்கள். ரயில் வராத ஊரில் கட்டிய வெயிட்டிங் ரூம் மாதிரி இருந்தது. வெள்ளையடிக்கலாம். கொடியில் புதுச் சேலை இரண்டு வாங்கித் தொங்கவிடலாம். ஆனால் அதைப் பார்த்துச் சம்பந்தியம்மாள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். கடைசியில் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. கிணறு இருக்கிறது, இடம் இருக்கிறது. பின்னால் காயும் கீரையும் பூவும் இருக்கிற வீட்டை யாரும் ஆளில்லாத வீடு என்று சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது.

என்னைப் போன்றவர்கள் மண்வெட்டியைத் தேடுவதற்கு முன்னால் புத்தகத்தைத் தேடுவார்கள். வாசகசாலையில் தோட்டம் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. தொப்பி வைத்த ஒரு துரைசானி எழுதியது. வசந்தம் வந்து பனி உருகியதும் முதல் விதையைப் போடுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் உருகுவதற்கு இருந்தது ரோட்டில் போட்ட தார் ஒன்றுதான். அதுவும் பங்குனி பிறந்தால்தான். சரி, நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். வகுத்தவர் சித்திரை மாதம் மத்தியானம் திருக்கோகர்ணத்திலிருந்து கோர்ட்டுக்கு நடந்து பார்த்தவர் அல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

தையில் பாத்தி போட்டேன். எங்கள் மண் மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே செம்புறாங்கல். முதல் நாள் கையில் கடப்பாரை பிடித்தேன். இரண்டாம் நாள் கைக்குத் தைலம் பிடித்தேன். கத்தரி, மிளகாய், கொத்தவரை, அரைக்கீரை போட்டேன். மதிலோரம் சுரை. வெண்டையை மாசிக்கு வைத்துக்கொண்டேன். கிணற்றடியில் மனைவி வைத்த மல்லிகை ஒன்று இரண்டு வருஷமாகக் கவனிப்பாரற்றுக் கண்டபடி படர்ந்து கிடந்தது. அதைத் துரைசானி சொன்னபடி முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன்.

வெட்டி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்காவின் தலை மதிலுக்கு மேல் வந்துவிட்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் வீட்டுக்காரருக்கு இழுப்பு வியாதி. வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் அக்காவுக்கு உலகம் என்பது எங்கள் இரண்டு கொல்லைப்புறங்கள்தான். அதில் என் பங்கு கொஞ்ச காலமாகச் சுவாரஸ்யமில்லாமல் கிடந்தது.

“தம்பி, அது என்ன பாவம் பண்ணுச்சுனு இப்புடி மொட்ட அடிச்சுட்டீங்க?”

“கவாத்துக்கா. வெட்டுனாத்தான் பூக்கும்.”

“யாரு சொன்னா?”

“புத்தகத்துல இருக்கு.”

“ஆமா, பொஸ்தகத்துக்கு என்ன, தலையா வலிக்குது,” என்று சொல்லிவிட்டுத் தலை இறங்கியது.

பப்பாளி பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரமாக ஒரு பப்பாளி நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் என் மகள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பழம் தின்று, விதையை யார் தூரமாகத் துப்புவது என்று தன்னோடு தானே போட்டி வைத்துக்கொள்வாள். அப்படித் துப்பியதில் ஒன்று முளைத்தது. நான் நடவில்லை, நான் தண்ணீர் ஊற்றவில்லை, புத்தகம் பார்க்கவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, தோட்டத்திலேயே நன்றாக வளர்ந்தது அது ஒன்றுதான்.

மாசியில் விதைகள் முளைத்தன. கத்தரி என்று சொல்லிக் கொடுத்த விதை கத்தரியாகவே வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோர்ட்டில் வேலை பார்ப்பவனுக்கு அப்படித்தான் இருக்கும். கீரை மட்டும் வரவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால், எறும்புகள் என் பாத்தியிலிருந்து விதையைத் தூக்கிக்கொண்டுபோய் மதில் ஓரத்தில் சிந்தியிருக்கின்றன. அங்கே கீரை கயிறு பிடித்தது மாதிரி வரிசையாக நின்றது. என் பாத்தியைவிட நேரான வரிசை.

காலையில் ஒரு முறை, கோர்ட்டு விட்டு வந்ததும் ஒரு முறை தண்ணீர் இறைத்து ஊற்றுவேன். அந்த வேலைக்கு நடுவே பேசவும் ஆரம்பித்திருந்தேன் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் கோர்ட்டு வாசலில் ‘வாரேன்’ என்று யாரிடமாவது சொன்னால், திங்கட்கிழமை வரையில் என் குரலுக்கு வேலை இருக்காது. சும்மா இருக்கும் குரல் எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும்போலும்.

“தம்பி, வீட்டுக்கு யாரும் வந்திருக்காகளா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே,” என்றார் அக்கா ஒரு நாள்.

“யாரும் இல்லக்கா.”

“அப்ப யாருகூடப் பேசுனீங்க?”

மறைத்துப் பயனில்லை. “கத்தரிக்கிட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்கைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

அக்கா கொஞ்ச நேரம் கத்தரிச்செடிகளைப் பார்த்தார். “அதான் எலையெல்லாம் சுருண்டு கெடக்கு,” என்றார். சிறிது நேரத்தில் மதில் மேல் ஒரு கிண்ணம் சாம்பல் வந்து உட்கார்ந்தது. பூச்சிக்குத் தூவவேண்டுமாம்.

பங்குனியில் மல்லிகை பூத்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வதில் அவருக்கு அது ஒரு முறை. முதலில் பத்துப் பூ, பிறகு ஒரு கை, பிறகு ஒரு தட்டு. அப்போதுதான் ஒரு சங்கடம் புரிந்தது. சுரைக்காயாவது தின்று தீர்க்கலாம். பூவை என்ன செய்வது? எங்கள் வீட்டில் பூ வைத்துக்கொள்ளும் தலை ஒன்றுகூட இல்லை. தனியாக இருக்கும் ஆண்பிள்ளை தெருவில் போகும் பெண்களுக்குப் பூக் கொடுக்கவும் முடியாது. அதற்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறது. நாரை எடுத்து வைத்துக்கொண்டு நானே கட்டிப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சில் பூக்களின் தலை தனியாக, காம்பு தனியாகப் போயிற்று. நார்த்தாமலை அம்மனுக்குப் பூச்சொரிய எங்கள் தெருவிலிருந்து ஆட்கள் போனபோது, ஒரு கூடை உதிரிப்பூவைக் கொடுத்தனுப்பினேன். மற்ற நாட்களில் தட்டோடு மதில் மேல் வைத்துவிடுவேன். அக்கா அதைக் கட்டி, தானும் வைத்துக்கொண்டு, ஒரு முழம் திருப்பித் தருவார். அது சுவரில் இருக்கும் மனைவியின் படத்துக்குப் போகும். படத்தில் இருப்பவளுக்கு மல்லிகை வாசம் தலைவலி கொடுக்கும். உயிரோடு இருந்தபோது கனகாம்பரம்தான் வைப்பாள். பூச்செடியை வைத்ததெல்லாம் மகளுக்காக.

சுரை பிஞ்சு விட்டதும் பங்குனியில்தான். முதல் பிஞ்சை அக்காவுக்குக் காட்டுவதற்காக, “அந்தா பாருங்கக்கா!” என்று விரலை நீட்டினேன்.

“வெரல மடக்குங்க தம்பி! மடக்குங்கங்கிறேன்ல! பிஞ்ச நோக்கி வெரல நீட்டுனா வெம்பிப் போகும். காட்டணும்னா மடக்குன வெரலால காட்டணும்.”

துரைசானியின் புத்தகத்தில் உரத்துக்கு ஒரு அதிகாரம், பூச்சிக்கு ஒரு அதிகாரம் உண்டு, விரலுக்கு இல்லை. அந்தப் பிஞ்சு வெம்பித்தான் போயிற்று. தண்ணீர் போதாததால் என்று நான் நினைத்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு விரலை மடக்கியே காட்டினேன். எனக்குக் காய் முக்கியம்.

அந்த மாதமே மகளுக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களே எல்லாம் செய்தார்கள். நான் போய் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கை நிறைய வளையலும் கன்னம் நிறையச் சந்தனமுமாக, நமஸ்காரம் பண்ணுகிற சாக்கில் என் பக்கத்தில் குனிந்தவள் ரகசியமாகச் சொன்னாள்:

“அப்பா, நம்ம வீட்டுக் கெணத்துத் தண்ணி குடிக்கணும்போல இருக்குப்பா.”

“இங்க தண்ணி நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அது வேற.”

பிள்ளைத்தாய்ச்சிகள் சாம்பலும் மண்ணும் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கிணற்றைக் கேட்ட பெண்ணை அன்றுதான் பார்த்தேன். “இன்னும் ரெண்டு மாசம். வந்து குடம் குடமாக் குடி,” என்றேன்.

சித்திரை வந்தது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. உலகத்தில் எல்லோரும் விடுமுறைக்கு எங்கேயோ போனார்கள். நான் கொல்லைக்குப் போனேன். வெண்டை பூத்து, காய்த்து, ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றியது. கத்தரி பளபளவென்று தொங்கியது. மதில் மேல் மூன்று சுரைக்காய்கள், மூன்று குண்டுப் பிள்ளைகள் மாதிரி. கிணறு மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஐப்பசியில் குனிந்து செம்பால் மொள்ளலாம் என்றிருந்த கிணறு, இப்போது கயிறு முழுவதும் இறங்கினால்தான் தண்ணீர் என்றது. வாளியில் பாதி தண்ணீர், பாதி செம்மண் வந்தது. எனக்கு ஒரு வாளி, செடிகளுக்குப் பாக்கியெல்லாம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாள் வரும் நாளில் ஓர் இலைகூட வாடி நிற்கக் கூடாது.

வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு, பத்து மணி வெயிலில் வந்தார். நான் வீட்டைத் துடைத்து, கோலம்கூடப் போட்டிருந்தேன். அது கோலம் என்று அவர் கண்டுபிடித்து, மிதிக்காமல் தாண்டி வந்தார். அதுவே நல்ல சகுனம் என்று பட்டது. அடுப்படியைப் பார்த்தார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். பிறகு கொல்லைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அடேயப்பா! இம்புட்டும் நீங்க போட்டதாண்ணே?”

“ஆமா சம்பந்தியம்மா.”

“ஆள் வச்சா?”

“நான்தான்.”

இறங்கி நடந்தார். வெண்டையை ஒடித்துப் பார்த்தார். விவசாயம் தெரிந்த கை. சட்டென்று ஒடிந்ததும் முகம் மலர்ந்தது. கீரை எறும்பு போட்டது என்று நான் சொல்லவில்லை. சுரைக்காயைக் காட்டும்போது விரலை மடக்கிக் காட்டினேன். அதையும் கவனித்தார். “பரவால்லயே, இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே,” என்றார். கொடியில் பூத்திருந்த மல்லிகையைப் பறித்துத் தன் முந்தானையில் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுப் பூவை ஒரு பெண் என் வீட்டிலேயே நின்று பறித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வழக்கு ஜெயித்த பிறகும் வாதாடும் வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய், முந்தின நாளே பறித்துத் துண்டு போட்டு வைத்திருந்த பப்பாளியைப் பித்தளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். மேலே கொஞ்சம் சீனிகூடத் தூவியிருந்தேன்.

“சாப்பிடுங்க. நம்ம மரந்தான். பிள்ளைக்குப் பப்பாளின்னா உசுரு. அவ வர்ற நேரத்துக்குச் சரியா, தெனம் ஒண்ணு பழுக்குறாப்புல காச்சிருக்கு. இந்த நேரத்துல இது ரொம்ப நல்லது. வைட்டமின் நெறைய இருக்கு. மலச்சிக்கலும் வராதுன்னு ஒரு வைத்தியப் புத்தகத்துல போட்டிருக்கு.”

சம்பந்தியம்மாள் தட்டைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இத எம் மருமகளுக்கா வச்சிருக்கீங்க?”

“ஆமா,” என்றேன். அந்த ‘ஆமா’வில் எவ்வளவு பெருமை இருந்தது என்பது இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது.

தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். “பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுப் பக்கமே இதக் கொண்டார மாட்டோம்ணே. கரு தங்கக் கூடாதுன்னு நெனக்கிறவங்கதான் இதத் தேடிப் போவாங்க.” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். “ஒங்கள நான் தப்புச் சொல்லல. ஆம்பளைக்கு இது எப்புடித் தெரியும்? அதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்.”

கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் பரிதாபப்பட்டார். என் மனைவிக்கு இது தெரிந்திருக்கும். மகள் வயிற்றில் இருந்தபோது பப்பாளியைத் தொட்டிருக்க மாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ புத்தகம் படித்துக்கொண்டு, அவள் தொடாததைக்கூடக் கவனித்திருக்க மாட்டேன். ஒரு வீட்டில் எது சமைக்கப்பட்டது என்பதுதான் ஆண்பிள்ளைக்குத் தெரியும். எது சமைக்கப்படவில்லை என்பது பெண்களோடு போய்விடுகிறது.

சம்பந்தியம்மாள் தெரு முனை திரும்பியதும் அக்காவின் தலை வந்தது. கையால் நெற்றியில் அடித்துக்கொண்டே வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா தம்பி? பிள்ள வர்றதுக்குள்ள அந்த மரத்த வெட்டச் சொல்லணும்னு நானும் தெனம் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க அதத் தட்டுல வச்சு, சீனி வேற தூவி நீட்டுவீங்கன்னு நான் கண்டேனா?”

அன்று மத்தியானமே மரத்தை வெட்டினேன். பப்பாளி மரத்தை வெட்ட வீரம் ஒன்றும் வேண்டாம்; உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கிறது. நாலு வெட்டில் சாய்ந்தது. காய்களையும் பழங்களையும் வீணாக்க மனம் வரவில்லை. ஒரு வாரத்துக்குமேல் அதையே தின்றேன். மலச்சிக்கல் விஷயத்தில் புத்தகம் சொன்னது சத்தியமான வார்த்தை என்பதற்கு நான் சாட்சி.

வைகாசி பிறந்ததும் மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை வழியில் இறங்கி வந்தார். கூச்ச சுபாவம். வாசலில் நின்றபடியே சொன்னார்.

“மாமா, பிரசவத்த அங்கயே பாத்துக்கலாம்னு அம்மா சொல்றாங்க. வழக்கம் விட்டுப் போகக் கூடாதாம். கட்டுச்சோறு மட்டும் கொண்டாந்து குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க.”

“சரிங்க மாப்பிள்ளை. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க.”

“இல்ல மாமா, பஸ் போயிரும்.” போவதற்கு முன்னால் ஒன்று சேர்த்துச் சொன்னார்: “அவ ரொம்ப ஆசப்பட்டா, மாமா.”

கட்டுச்சோறு என்பது பெண்ணை அழைத்து வருகிற வீட்டார் கொண்டுபோகிற சோறு. அழைத்து வராமல் சோற்றை மட்டும் கொண்டுபோகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அதை நான்தான் தொடங்கி வைத்தேன். அக்கா விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு, எள்ளுச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்தும் கிண்டித் தூக்குகளில் போட்டுக் கொடுத்தார். கூட வர அவரால் முடியாது. வீட்டுக்காரருக்கு அன்று இழுப்பு அதிகம். நான் என் பங்குக்கு வெண்டை, கத்தரி, ஒரு சுரைக்காய், மல்லிகைச் சரம் எடுத்துக்கொண்டேன். கடைசியாக ஒரு பெரிய தூக்கில் கிணற்றுத் தண்ணீர். இரவெல்லாம் தெளிய வைத்து, துணியில் வடிகட்டியது.

பஸ்ஸில் கண்டக்டர் ஒவ்வொரு தூக்காகக் கேட்டு வந்தார். “இது என்னங்க?”

“புளிச்சோறு.”

“இது?”

“தயிர்ச்சோறு.”

“இதுல பாயசமா?”

“தண்ணி.”

“தண்ணியா?” என்று பஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னார். “அன்னவாசல்ல தண்ணி கெடைக்காதுன்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?”

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது தனியாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், அது இன்னும் வேடிக்கையாகப் போய்விடும்.

மகளுக்கு முகம் வீங்கி, நடை மாறியிருந்தது. தூக்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினேன். சம்பந்தியம்மாள், சம்பந்தி, கல்யாணத்தில் பார்த்த இரண்டு பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் குடித்தாள்.

“மண்ணு வாசம் அடிக்குதுப்பா. கெணறு அடியில போயிருச்சா?”

“கொஞ்சம்.”

“எல்லாத்தையும் செடிக்கு ஊத்திட்டீங்களா?”

“கொஞ்சம்.”

“அத்தைக்குப் பப்பாளி வெட்டிக் குடுத்தீங்களாமே,” என்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “சீனி வேற தூவி!” மற்றப் பெண்களும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாளே வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். பிறகு மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு, தூக்கையே இரண்டு கையாலும் எடுத்து, கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

“இப்புடியா தாகம்,” என்றார் சம்பந்தியம்மாள் கடைசியில். காலித் தூக்கை வாங்கி உள்ளே கொண்டுபோய், வெறுந்தூக்காக அனுப்பக் கூடாது என்று வறுத்த நிலக்கடலை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது, “அண்ணே, பிள்ள பொறந்து முப்பது கழியட்டும். ஆடிக்கு நீங்க வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. ஒரு மாசம் இருக்கட்டும்,” என்றார். நான் பதில் சொல்வதற்குள், “ஆனா கெணத்துல தண்ணி இருக்குமா? பச்சப்பிள்ளையக் குளுப்பாட்டணும், துணி அலசணும். தண்ணியில்லாத வீட்டுல விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்,” என்றார்.

“இருக்கும்,” என்றேன்.

கடலைத் தூக்கோடு தனியாகத் திரும்பி வந்தேன். அதே பஸ், வேறு கண்டக்டர். தூக்கில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கயிற்றை இறக்கப் போனவன் நிறுத்தினேன். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் போனது வெண்டை. இலை ஓரம் காய்ந்து, பூ உதிர்ந்தது. சுரை இலைகள் மத்தியானம் தொங்கிப் போய், சாயங்காலம் நிமிரும். நாலைந்து நாள் கழித்துச் சாயங்காலமும் நிமிரவில்லை. கத்தரி ரோஷக்காரச் செடி, கொஞ்ச நாள் தாங்கியது. எறும்பு போட்ட கீரைகூடப் பழுத்துச் சாய்ந்தது. நாலு மாதம் வளர்த்ததை வாசற்படியில் உட்கார்ந்து காய விட்டுக்கொண்டிருந்தேன். பேச்சும் நின்றுவிட்டது. அந்த நிலையில் அவற்றிடம் சொல்ல என்னிடம் ஒரு வழக்கும் இல்லை.

அக்கா மதிலுக்கு மேலிருந்து இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தாங்கவில்லை.

“தம்பி, ஒடம்புக்கு முடியலையா? செடியெல்லாம் சாகுதே.”

“நல்லாத்தான் இருக்கேன்க்கா. தண்ணியச் சேத்து வக்கிறேன்.”

“கெணத்துத் தண்ணியச் சேத்து வக்கிறீகளா! எங்கிட்டு, பீரோவுலயா?”

“கெணத்துலயேதான்.”

சம்பந்தியம்மாள் சொன்னதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அக்கா வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு குடம் காலையில் மதில் மேல் வந்து நின்றது. அது மல்லிகைக்கு மட்டும் போதும். மல்லிகை மட்டும் நின்றது.

எனக்கென்று தினமும் காலையில் ஒரே ஒரு வாளி இறைப்பேன். வாளி அடியைத் தொடும்வரை இறக்கி, கயிற்றில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தேன். நாலைந்து நாள் ஈரம் துணியைத் தாண்டவில்லை. சில நாள் கொஞ்சம் கீழேயே நின்றது. வைகாசி முடியப்போகும் சமயம், ஒரு நாள் வாளியை மேலே இழுத்துப் பார்த்தால், துணி நனைந்திருந்தது. அதற்கு மேலும் ஒரு விரற்கடை கயிறு கறுத்து ஈரமாக இருந்தது.

“அக்கா!” என்று கூப்பிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு கொல்லையில் என் குரல் உரக்கக் கேட்டது அப்போதுதான். அக்கா ஓடி வந்து மதில் மேல் எட்டிப் பார்த்தார். கயிற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த ஈரத்தை அவருக்குக் காட்டினேன். விரலை மடக்கித்தான் காட்டினேன்.